பெயரை அழித்த சூரிய பக்தன்

உலகில் சூரியனை வணங்காத தொல்குடி ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. யப்பானியருக்குச் சூரியன் அமத்தெராசு என்னும் பெண் தெய்வம். தம்பியின் அட்டகாசம் பொறுக்க முடியாமல் அவள் குகைக்குள் புகுந்து மறைந்துகொள்ள உலகம் இருண்டது என்றும், மற்றத் தெய்வங்கள் வெளியே கூடி ஆடியும் சிரித்தும் அவளை எட்டிப் பார்க்க வைத்தன என்றும் அவர்களது புராணம் கூறும். பபிலோனியருக்கு அவர் ஷமாஷ் என்னும் நீதிபதி. பகல் முழுவதும் மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பவர் என்பதால் பொய்ச்சாட்சியும் கள்ளத் தராசும் அவர் கண்ணுக்குத் தப்பா. ஹமுராபி மன்னரின் சட்டங்களைப் பொறித்த கல் இன்று பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் இருக்கிறது. அதன் உச்சியில் மன்னர் ஷமாஷின் முன் கைகூப்பாத குறையாக நிற்பதைக் காணலாம். இந்த ஷமாஷுக்குத் தந்தை சந்திரன் என்பது நமக்குச் சற்று விந்தையாகவே இருக்கும். தென் அமெரிக்காவின் இன்கா மக்களுக்குச் சூரியன் தமது அரச வம்சத்தின் மூதாதை. நமக்கோ ஏழு குதிரை பூட்டிய தேரில் வரும் சூரிய பகவான். தைப்பொங்கலன்று முதற் படையலைப் பெறுபவர்.

ஆணாகவும் பெண்ணாகவும், பாட்டனாகவும் நீதிபதியாகவும் இத்தனை வேறுபாடுகள். ஆனால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தது ஒரே ஒளிவட்டத்தைத்தான். அப்படியானால் இப்பெயர்களில் எது சரியானது? ஒன்று சரியென்று ஒருவருக்கு ஐயமறத் தோன்றிவிட்டால், மற்றவற்றை அகற்றுவது அவருடைய கடமை ஆகுமா?

இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று விடை கண்டு, அதைச் செயலிலும் காட்டிய அரசர் ஒருவர் எகிப்தில் வாழ்ந்தார். ஏறத்தாழ 3,350 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட அக்கெனாத்தென் என்பவரே அவர். நமது பிள்ளைகள் படிக்கும் நூல்கள் பலவற்றில் "முதன்முதலில் ஒரே கடவுளைக் கண்டவர்" என்ற சிறப்புடன் அவர் இடம்பெறுகிறார். சிக்மண்ட் பிராய்ட் 1939இல் வெளியிட்ட நூலில், மோசேயின் சமயமே இவரிடமிருந்து பிறந்தது என்று வாதிட்டார். இப்புகழுரைகளின் அடியில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. பல தெய்வ வழிபாடு மனிதகுலத்தின் குழந்தைப் பருவம், ஒரே தெய்வம் என்பது அதன் வளர்ச்சி என்பதே அது. ஆலயத்துக்கு வரும் நமது இளையோர் இக்கருத்தை வகுப்பறையில் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து நம்மிடமும் கேட்கிறார்கள். ஆகவே இந்த அரசர் உண்மையில் என்ன செய்தார் என்று சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அவருக்கு முந்திய எகிப்தில் சூரியனுக்குப் பெயர்கள் ஏராளம். விடியற்காலையில் கெப்ரி, சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டின் வடிவம். உச்சிவேளையில் ரா. மாலையில் முதியவரான ஆட்டும். தேபெஸ் நகரின் பெருந்தெய்வம் அமூன். மறைந்திருப்பவர் என்பது அப்பெயரின் பொருள். காலப்போக்கில் மறைந்திருப்பவரும் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவரும் ஒருவரே என்று உணர்ந்து, அமூன்-ரா என்று சேர்த்து வணங்கினார்கள். அரியையும் அரனையும் ஒரே திருமேனியில் கண்ட நமக்கு இது புரியாத செயலன்று. அக்கெனாத்தெனின் தந்தையான மூன்றாம் அமென்ஹோத்தெப் காலத்தில் சுத்தி, ஹோர் என்ற இரட்டைச் சகோதரர்கள் கட்டட வேலைகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளாக இருந்தார்கள். அவர்களது துதிக்கல் ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதில் அமூன், ரா, கெப்ரி ஆகிய பெயர்களோடு, ஒளிவட்டத்தைக் குறிக்கும் ஆத்தென் என்ற பெயரும் வருகிறது. ஒரே துதியில் இத்தனை பெயர்கள்; ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

அந்தப் பழைய சமயத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. சூரியன் மறைந்தபின் எங்கே போகிறார்? ரா படகில் ஏறி, பாதாளத்தின் பன்னிரண்டு இரவு நாழிகைகளைக் கடக்கிறார் என்றார்கள். அவர் கடந்து செல்லும்போது இறந்தவர்கள் விழித்தெழுந்து ஒளி பெறுகிறார்கள். அப்பேப் என்னும் பெரும் பாம்பு படகை மறிக்கிறது. படகின் முனையில் நின்று அதைக் குத்துபவர் சேத்; தன் சகோதரனாகிய ஒசிரிசையே கொன்ற பழிகாரர். அவருக்கும் அங்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்! நள்ளிரவில் ரா, இறந்தோரின் அரசரான அந்த ஒசிரிசோடு ஒன்றாகி, புதுவலிமை பெற்று விடியலை நோக்கி வருகிறார். (நம் மொழியில் "இரா" என்றால் இரவு, அவர்களுக்கு "ரா" பகலவன். இது தற்செயல்தான், மொழியாராய்ச்சி வேண்டாம்.) தந்தையை இழந்த மகனுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் சொல்ல அந்தச் சமயத்திடம் ஒரு சொல் இருந்தது. நீ வணங்கும் சூரியன் இப்போது அவர்கள் இருக்கும் இடத்திற்குத்தான் போயிருக்கிறார் என்பதே அச்சொல்.

கி.மு. 1353ஆம் ஆண்டளவில் நான்காம் அமென்ஹோத்தெப் என்ற பெயரோடு புதிய அரசர் அரியணை ஏறினார். அப்பெயரிலேயே அமூன் இருக்கிறார். ஐந்தாம் ஆட்சியாண்டளவில் அதை நீக்கி, ஆத்தெனைத் தன் பெயரில் சேர்த்து அக்கெனாத்தென் ஆனார். தேபெஸை விட்டு நீங்கி, கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீற்றரில் நைல் நதியின் கிழக்குக் கரையில் அக்கெத்தாத்தென் என்ற புதிய தலைநகரை எழுப்பினார். இன்று அவ்விடத்தை அமர்ணா என்கிறோம். வேறெந்த ஆண் தெய்வத்துக்கோ பெண் தெய்வத்துக்கோ உரிமையில்லாத வெறும் நிலம் என்பதால் அதைத் தெரிந்தெடுத்ததாக எல்லைக் கற்களில் எழுதிவைத்தார்.

அவருடைய பக்தி வேடமன்று என்றே நான் கருதுகிறேன். ஆய் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள ஆத்தென் துதி, பழைய உலகின் சிறந்த சமயப் பாடல்களுள் ஒன்று. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கும் கருவிலிருக்கும் சிசுவுக்கும் மூச்சுக் கொடுப்பவர் ஆத்தெனே என்கிறது அது. சிரியாவும் நூபியாவும் எகிப்தும் அவர் படைப்பு. மனிதரின் மொழியும் தோல் நிறமும் வேறாக இருப்பதும் அவர் ஏற்பாடு. நைல் நதி இல்லாத நாட்டாருக்கு வானத்திலேயே ஒரு நைலை வைத்து மழையாகப் பொழிவிக்கிறார் என்று அது விரிகிறது. அந்நியரை இழிவாக எண்ணிய காலத்தில் இப்படிப் பாட ஒரு பெரிய மனம் வேண்டும். ஆத்தெனின் கோயில்களுக்குக் கூரை கிடையாது. இருண்ட கருவறையும் கிடையாது. வெளியே நின்று வெயிலில் கும்பிடுவதே வழிபாடு.

ஆனால் அதே துதியில், உம்மை அறிந்தவர் உமது மகனாகிய அக்கெனாத்தென் அன்றி வேறொருவர் இல்லை என்ற பொருளிலும் ஓர் இடம் வருகிறது. வெளிச்சம் எல்லோருக்கும், அறிவு ஒருவருக்கு மட்டும். என்னுடைய ஐயமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அமர்ணாச் சிற்பங்களில் ஆத்தென் ஒரு வட்டம். அதிலிருந்து இறங்கும் கதிர்களின் நுனியில் சிறு சிறு கைகள். அக்கைகள் உயிரின் சின்னமாகிய அங்க் என்பதை நீட்டுகின்றன. யாருக்கு? அரசருடைய மூக்கருகிலும் அரசி நெபர்த்தித்தியின் மூக்கருகிலும். மற்றவர்கள் குனிந்து நிற்கிறார்கள். அதிகாரிகளின் வீட்டு வழிபாட்டிடங்களில் வைத்திருந்த கற்களிலும் அரச குடும்பமே வீற்றிருக்கிறது. குடிமக்கள் அரசரைக் கும்பிட வேண்டும், அரசர் ஆத்தெனைக் கும்பிடுவார் என்ற ஏற்பாடு இது. பூசகரை நீக்கிவிட்டுத் தானே ஒற்றைப் பூசகராக அமர்ந்துகொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு உளி வந்தது. நாடெங்கும் ஆள் அனுப்பி அமூனின் பெயரைச் செதுக்கி எறிந்தார்கள். உயரமான தூண்களின் உச்சியில் இருந்த பெயரையும் விடவில்லை. தந்தையின் பெயரில் அமூன் இருந்ததால் தந்தையின் பெயரிலும் அந்தப் பகுதி காயமானது. தெய்வங்கள் என்ற பன்மைச் சொல்லையே சில இடங்களில் அழித்திருக்கிறார்கள். எகிப்தியரைப் பொறுத்தவரை பெயர் என்பது ஓர் அடையாளச் சீட்டு மட்டுமன்று. பெயர் நிலைத்தால் ஆள் நிலைப்பான், பெயர் அழிந்தால் இறந்தபின் அவனும் இல்லாமற்போவான் என்று நம்பினார்கள். ஆகவே அரசர் செய்தது வெறும் கல்வேலை ஆகாது. அந்தத் தெய்வத்தையும், அத்தெய்வத்தின் பெயரைத் தம் பெயரில் சுமந்த மனிதர்களையும் இல்லாமற் செய்யும் முயற்சி அது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அமூன் கோயிலுக்குப் பெருநிலமும் செல்வமும் சேர்ந்திருந்தன. பூசகர் வர்க்கம் வலிமை பெற்றிருந்தது. அதைக் கட்டுப்படுத்த நினைத்தது குற்றமென்று யாரும் கூறார். பழைய குப்பையை நீக்காமல் சீர்திருத்தம் எங்கும் நடந்ததில்லை என்றும் வாதிடலாம். நமது சமய வரலாறும் முழுக்கச் சாந்தமானதன்று. சைவருக்கும் சமணருக்கும் நடந்த வாதங்களின் கசப்பை மறைக்க முடியாது. என்றாலும், ஒரு தெய்வத்தில் மனம் முழுவதையும் ஊன்றுவது ஒன்று. அயலவன் வாயிலிருந்து அவன் தெய்வத்தின் பெயரைப் பிடுங்குவது வேறொன்று. முதலாவது அன்பிலிருந்து வருவது. தன்னைத் தவிர எவரையும் அது தொந்தரவு செய்யாது. இரண்டாவதற்கு உளியும் ஆட்களும் வேண்டும். அக்கெனாத்தெனைப் புகழ்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, "ஒரே கடவுள் கொள்கை" என்று பெயரிட்டு விடுகிறார்கள். தெய்வங்கள் பலவா ஒன்றா என்பதைக் காட்டிலும், இந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் முக்கியம்.

அந்த ஒரே சூரியனின் கீழ் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் சான்றுகள் உண்டு. அமர்ணாவில் 1887இல் களிமண் பலகைகளில் எழுதிய அரசாங்கக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று அசீரிய மன்னர் அசூர்-உபல்லித் எழுதியது. என் தூதர்களை ஏன் வெயிலில் நிறுத்திச் சாகவைக்கிறீர்கள் என்பது அவருடைய முறைப்பாடு. வெயிலில் நிற்பதால் அரசருக்கு இலாபம் உண்டென்றால் நிற்கட்டும், சாகட்டும். இலாபம் ஒன்றுமில்லையே, பிறகு ஏன் என்று கேட்கிறார். கூரையில்லாத வழிபாட்டின் மறுபக்கம் இது. 2006 முதல் 2013 வரை அங்குள்ள சாதாரண மக்களின் இடுகாட்டை ஆய்வாளர் தோண்டிப் பார்த்தனர். குறைந்த வயதிலேயே இறந்தவர்கள், வளர்ச்சி குன்றியவர்கள், பாரம் சுமந்து முதுகெலும்பும் மூட்டுகளும் சிதைந்தவர்கள் என்று அவ்வெலும்புகள் பேசுகின்றன. கோயிற் சுவர்களிலோ படையல் மேசைகள் நிரம்பி வழிகின்றன.

அம்மக்களின் வீடுகளில் கிடைத்த பொருள்கள் என் மனத்தை மிகவும் தொட்டவை. தலைநகரிலேயே, அரசரின் கண்ணெதிரிலேயே, பேஸ் என்ற குள்ளத் தெய்வத்தின் உருவங்களும், கர்ப்பிணி நீர்யானை வடிவான தாவெரெத் அம்மையின் உருவங்களும் தாயத்துகளாகக் கிடைத்திருக்கின்றன. பிரசவத்தையும் பிள்ளைகளையும் காக்கும் சிறு தெய்வங்கள் அவர்கள். வானத்தில் எங்கோ உயரத்தில் இருந்த ஆத்தென், பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவில் அந்தத் தாய்க்குப் போதவில்லை. ஆத்தென் சமயத்தில் இரவுக்கு இடமும் இல்லை. பழைய சூரியன் இருளுக்குள் பயணம் செய்தவர். புதிய சூரியன் மறைந்தால் சிங்கமும் பாம்பும் கள்வரும் உலாவும் மரணம் போன்ற வேளை என்று மட்டுமே துதி கூறுகிறது. ஒசிரிஸ் வாய்திறக்காமல் ஒதுக்கப்பட்டார். நேர்த்தி வைத்து ஒரு சிறு விளக்கேற்றிய அனுபவம் உள்ள எவரும், அந்தத் தாய் ஏன் தாவெரெத்தை எறியவில்லை என்று கேட்கமாட்டார்கள்.

தெய்வங்கள் பலவாக இருந்த உலகம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் அதே கடிதக் குவியலில் பார்க்கலாம். அக்கெனாத்தெனின் தந்தை முதுமையில் இருந்தபோது, அவருக்கு மகளைக் கொடுத்த மித்தன்னி நாட்டு மன்னர் துஷ்ரத்தர், நினிவே நகரின் தேவி ஷவுஷ்காவின் திருவுருவத்தை எகிப்துக்கு அனுப்பிவைத்தார். தேவியே தனக்கு விருப்பமான எகிப்துக்குப் போய் வரவேண்டும் என்று கூறினாளாம். முன்பும் ஒருமுறை சென்று மரியாதை பெற்றவள். இப்போது பத்து மடங்கு மரியாதை செய்து, மகிழ்வோடு திருப்பி அனுப்புங்கள். அவள் எனக்கு மட்டுமா தெய்வம், உங்களுக்கும் அல்லவா என்ற கருத்தில் எழுதுகிறார். கடல்கடந்து தெய்வத்தை எழுந்தருளச் செய்த நமக்கு இக்கடிதம் மிக நெருக்கமானது. (இதே மித்தன்னியின் உடன்படிக்கை ஒன்றில்தான் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகிய வேதகாலத் தெய்வங்கள் சாட்சிகளாக வருகிறார்கள்.)

இன்னொரு சான்று, அக்கெனாத்தென் இறந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது. எகிப்தியரும் ஹிட்டைட் மக்களும் கி.மு. 1274இல் காதேஷ் என்ற இடத்தில் கடுமையாகப் போரிட்டனர். பிறகு கி.மு. 1259இல் இரண்டாம் ராம்சேசும் மூன்றாம் ஹத்துசிலியும் சமாதான உடன்படிக்கை செய்தனர். வெள்ளித் தகட்டில் எழுதிய மூலம் அழிந்துவிட்டது. கர்ணக் கோயிற் சுவரிலும் ஹிட்டைட் தலைநகரின் களிமண் பலகையிலும் வாசகம் எஞ்சியிருக்கிறது. ஹிட்டைட் நாட்டின் ஆயிரம் தெய்வங்களும் எகிப்தின் ஆயிரம் தெய்வங்களும் இதற்குச் சாட்சி. ஹிட்டைட் மக்களின் பெருந்தெய்வம் அரின்னா நகரின் சூரிய தேவி, பெண். எகிப்திய எழுத்தர் அவளை எப்படி மொழிபெயர்த்தார் தெரியுமா? "அரின்னா நகரின் ரா" என்று! பெண்ணை ஆணாக்கிவிட்டாரே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் உங்கள் சூரியனும் எங்கள் சூரியனும் வேறல்லர், ஆகவே உங்கள் சத்தியத்தை நாங்கள் நம்பலாம் என்பதே அந்த மொழிபெயர்ப்பின் உட்பொருள். சத்தியம் செய்யும் இருவர் ஒருவர் மற்றவருடைய தெய்வத்தைப் பொய்யென்று நினைத்தால், அந்தச் சத்தியத்துக்கு மதிப்பேது? அமூனின் பெயரைத் தாங்க முடியாத அக்கெனாத்தெனால் இப்படி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

நமது வழக்கமும் இந்தப் பக்கத்தையே சேர்ந்தது. சூரியனையே முழுமுதலாகக் கொண்ட சௌரம் ஆறு சமயங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள, முதலாம் குலோத்துங்க சோழர் காலத்துச் சூரியனார் கோயிலில் மூலவர் சூரியனே. ஆயினும் மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் அங்கே தனித்தனிச் சந்நிதி உண்டு. சிவாலயங்களிலோ சூரியன் வாயிலருகே நின்று உள்ளேயிருப்பவரைப் பார்த்தபடி இருக்கிறார். முதன்மை ஓரிடத்தில் ஒருவருக்கு, மற்றோரிடத்தில் மற்றொருவருக்கு. ஆகவே பல தெய்வம் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, "எல்லாம் ஒன்றுதான்" என்று அவசரமாக மழுப்ப வேண்டியதில்லை. ஒன்று என்பதும் உண்மை. அந்த ஒன்றுக்கு அடுத்த வீட்டுக்காரர் வைத்த பெயரையும் காது கொடுத்துக் கேட்கலாம் என்பதும் அதில் அடங்கும் என்று சேர்த்துச் சொல்லலாம். நம்மவர் ஆலயங்களில் எந்தச் சந்நிதி எங்கே என்று மனக்கசப்பு வரும்போதும் இது நினைவுக்கு வந்தால் நல்லது.

அக்கெனாத்தென் பதினேழு ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 1336அளவில் மறைந்தார். துத்தங்காத்தென் என்ற சிறுவன் அரசனாகித் தன் பெயரைத் துத்தங்காமூன் என்று மாற்றி, பாழடைந்த கோயில்களை மீண்டும் திறப்பித்தான். பிறகு பழிவாங்கலும் தொடங்கியது. அக்கெனாத்தெனின் பெயரையும் உளி தேடிச் சென்றது. ராம்சேஸ் காலத்து வழக்குப் பதிவொன்று அவரைப் பெயர் சொல்லாமல் "அக்கெத்தாத்தெனின் பகைவன்" என்ற பொருள்படக் குறிக்கிறது. அபிதோஸ் கோயிலின் அரசர் பட்டியல் மூன்றாம் அமென்ஹோத்தெப்பிலிருந்து நேரே ஹோரெம்ஹெப்புக்குத் தாவிவிடுகிறது. பழைய தெய்வங்களை மீட்டுக்கொடுத்த துத்தங்காமூனுக்கும் அதில் இடமில்லை! அழிப்பதற்குப் பழகிய கை, யார் பக்கம் நியாயம் என்று பார்த்து நிற்பதில்லை போலும்.

கர்ணக்கில் அக்கெனாத்தென் எழுப்பிய ஆத்தென் கோயில்களையும் இடித்தார்கள். ஒரு மனிதன் தனியாகத் தூக்கக்கூடிய சிறு கற்களால் கட்டியவை அவை. அக்கற்களை வீணாக்காமல், ஹோரெம்ஹெப் அமூனுக்கு எழுப்பிய பெரும் கோபுரவாயில்களுக்குள் நிரப்பினார்கள். பின்னாளில் அக்கோபுரங்களைப் பழுதுபார்த்தபோது பல்லாயிரக்கணக்கான கற்கள் வெளிவந்தன. 1966இல் தொடங்கி, அவற்றின் புகைப்படங்களைக் கணினியின் உதவியுடன் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அரசரும் அரசியும் கதிர்களின் கீழ் நிற்கும் காட்சிகளை ஆய்வாளர் மீண்டும் கூட்டினர். அமூனின் கோபுரத்துக்குள் மூவாயிரம் ஆண்டுகள் வெயில் படாமல் இருந்ததால், சில கற்களில் பூசிய வண்ணம்கூட அழியாமல் இருந்தது.